இன்டர்காம் பெட்டிக்கு எந்தப் போன் பொருந்தும்? நான்கு கருவிகளை வாங்கிவிட்டு விழிக்கிறேன்

கூழாலைக் கணக்கர் (காவேரிப்பட்டினம்)

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினம் அருகே மாம்பழக் கூழ் தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணக்கோடு சேர்த்து பூட்டு, மின்விசிறி, தொலைபேசி என்று யாரும் பொறுப்பேற்காத பொருள்கள் எல்லாம் என் மேசைக்கே வந்து சேரும்.

ஆலையில் முந்தைய நிர்வாகத்தின் காலத்தில் பொருத்திய பானாசோனிக் கே.எக்ஸ்-டி.இ.எஸ்.824 என்ற இன்டர்காம் பெட்டி இருக்கிறது. வரவேற்பு மேசையில் சிறிய திரையும் பொத்தான் வரிசையும் கொண்ட கீ போன் ஒன்றும், மற்ற அறைகளில் சாதா போன்களும் உள்ளன. பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் எடைமேடை முன் லாரிகள் சாலைவரை நிற்கும். அந்த நேரத்தில் எடைமேடை, ஆய்வகம், கொதிகலன் அறை, குளிர்சேமிப்பு அறை ஆகிய நான்கு இடங்களிலும் போன் இருந்தால்தான் வேலை ஓடும். கைப்பேசியில் பேசிக்கொள்ளலாமே என்பார்கள். கொதிகலன் அறையின் தகரக் கூரைக்குள் சிக்னல் வருவதில்லை, ஆய்வகத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியும் இல்லை.

ஆகவே சென்ற வாரம் பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் போய், பழைய கருவிகள் விற்கும் கடை ஒன்றில் கே.எக்ஸ்-டி.டி.321 என்ற போன் நான்கு வாங்கி வந்தேன். பெட்டியும் பானாசோனிக், போனும் பானாசோனிக், செருகியும் 'டக்' என்று உட்காருகிறது. ஆனால் திரையில் ஒளி வரவில்லை, டயல் டோனும் இல்லை. கடைக்காரரோ சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்ததாகச் சொல்கிறார். நான்குமா பழுதாக இருக்கும்? பெட்டியில் ஏதேனும் அமைப்பை மாற்ற வேண்டுமா, அல்லது நான் வேறு போன் வாங்கியிருக்க வேண்டுமா?

க்ரோன் பெட்டி (தருமபுரி)

வணக்கம் ஐயா. கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நான்கு போன்களும் நல்ல நிலையில் இருக்கலாம்; அவற்றுக்குப் பேசத் தெரிந்த மொழி உங்கள் பெட்டிக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

இருபது ஆண்டுகளாகத் தருமபுரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்டர்காம் பொருத்தி வருகிறேன். வாடிக்கையாளர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்தச் செருகியால் வருவது. சாதா போன், அனலாக் கீ போன், டிஜிட்டல் கீ போன் ஆகிய மூன்றுக்கும் செருகி ஒரே அளவுதான். செருகி பொருந்துகிறது என்பதற்காகப் போன் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம். சாதா போனுக்கு இரண்டே கம்பி போதும். எந்த நிறுவனத்தின் போனையும் எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் போடலாம், ஏனென்றால் அது தெருவில் வரும் தொலைபேசி லைனின் பொது இலக்கணத்தைப் பின்பற்றுவது. அனலாக் கீ போனுக்கு நான்கு கம்பி வேண்டும். நடுவிலுள்ள இரண்டில் குரல் போகும், ஓரத்திலுள்ள இரண்டில் திரைக்கும் பொத்தான் விளக்குகளுக்குமான தகவல் போகும். டிஜிட்டல் கீ போன் மீண்டும் இரண்டே கம்பியில் ஓடும், ஆனால் அதே கம்பியில் குரலும் தகவலும் எண்களாக மாறிப் போகும். கீ போன்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது. வதோதராவின் மேட்ரிக்ஸ் நிறுவனத்துக் கீ போனை பானாசோனிக் பெட்டியில் போட்டால் அது வெறும் பிளாஸ்டிக்தான். ஒரே நிறுவனத்துக்குள்ளும் அனலாக் பெட்டிக்கு ஒன்று, டிஜிட்டல் பெட்டிக்கு வேறொன்று.

டி.இ.எஸ்.824 அனலாக் பெட்டி. டி.டி.321 டிஜிட்டல் போன். உங்களுக்கு வேண்டியது டி7730 போன்ற பழைய அனலாக் வரிசை. வரவேற்பில் இருப்பதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஆனால் உடனே போய் டி7730 வாங்கிவிடாதீர்கள். முதலில் மூன்று செய்திகள் சொல்லுங்கள்: புதிய போன்களை எத்தனையாவது துளையில் செருகினீர்கள், அந்த அறைகளுக்கு எத்தனை கம்பி போயிருக்கிறது, எடைமேடை பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம்?

கூழாலைக் கணக்கர் (காவேரிப்பட்டினம்)

நன்றி அண்ணா. நேற்று மாலை ஷிப்டு முடிந்தபின் ஏணி போட்டுப் பார்த்துவிட்டேன்.

வரவேற்பில் இருப்பது நீங்கள் சொன்னதுபோலவே டி7730. பெட்டிக்குள் கூடுதலாக ஒரு அட்டை செருகப்பட்டிருக்கிறது. அதில் 9 முதல் 16 வரை எண்கள். 1 முதல் 8 வரை எல்லாம் நிரம்பிவிட்டதால், புதிய போன்களை 9, 10, 11, 12 ஆகிய துளைகளில் செருகிப் பார்த்தேன். அதே துளைகளில் கணக்குப் பிரிவுச் சாதா போனைச் செருகினால் நன்றாக ஒலிக்கிறது, பேசவும் முடிகிறது.

எடைமேடைச் சுவரில் போன் கம்பி வந்து முடியும் சிறு பெட்டியை, அதாவது ரோசட்டைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என இரண்டே கம்பிகள். மிச்ச இடத்தில் எறும்புப் புற்று. தூரத்தை நடந்து அளந்தேன், கேபிள் போகும் வழியில் சுமார் 160 மீட்டர் வருகிறது. ஆய்வகமும் குளிர்சேமிப்பு அறையும் 50 மீட்டருக்குள். கொதிகலன் அறை 70 இருக்கும்.

வெளி லைன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்று பி.எஸ்.என்.எல். ஃபைபர் பெட்டியின் போன் துளையிலிருந்து வருகிறது. இரண்டாவது சிம் அட்டை போட்ட மேசைப்பெட்டி. மூன்றாவது காலி.

க்ரோன் பெட்டி (தருமபுரி)

இதற்காகத்தான் கேட்டேன். நீங்கள் செருகிய 9 முதல் 16 வரையிலான அட்டை சாதா போனுக்கு மட்டுமானது. டி.இ.எஸ்.824 பெட்டி கடையிலிருந்து வரும்போது 3 வெளி லைனும் 8 உள் இணைப்பும் கொண்டது. அட்டைகள் போட்டு 8 வெளி லைன், 24 உள் இணைப்பு வரை வளர்க்கலாம். முதல் 8 துளைகள் கலப்புத் துளைகள், அவற்றில் சாதா போனும் போடலாம், அனலாக் கீ போனும் போடலாம். மேலே சேர்க்கும் அட்டைகளில் கலப்பு அட்டையும் உண்டு, சாதா போனுக்கு மட்டுமான அட்டையும் உண்டு. உங்களிடம் இருப்பது இரண்டாவது வகை. ஆகவே நீங்கள் டிஜிட்டலுக்குப் பதில் சரியான டி7730 நான்கு வாங்கி வந்திருந்தாலும், 9ஆம் துளையில் அவையும் ஊமையாகவே இருந்திருக்கும். போனின் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட அந்தக் கம்பி போய்ச் சேரும் துளையின் வகையைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து எடைமேடை. அங்கே கீ போன் வைப்பதை மறந்துவிடுங்கள். இரண்டு கம்பிதான் போயிருக்கிறது என்பது ஒரு பக்கம். தூரம் இன்னொரு பக்கம்: இந்தப் பெட்டியில் அனலாக் கீ போனுக்கு 0.4 மி.மீ. கம்பியில் சுமார் 140 மீட்டர்தான் வரம்பு, 0.5 மி.மீ. கம்பியில் 229 மீட்டர். சாதா போனுக்கோ 0.4 கம்பியிலேயே ஏறக்குறைய 700 மீட்டர் வரை போகலாம். எடைமேடைக் காவலருக்குத் திரையும் பன்னிரண்டு லைன் பொத்தான்களும் எதற்கு? லாரி வந்தால் ஆபரேட்டரைக் கூப்பிட வேண்டும், ஆபரேட்டர் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும். நல்ல கனமான சாதா போன் ஒன்று போதும்.

ஓசூர் வலையாள்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பானாசோனிக் நிறுவனம் வணிகத் தொலைபேசிப் பெட்டித் தொழிலையே விட்டுவிட்டது. இனி உதிரி அட்டைக்கும் போனுக்கும் பழைய பொருள் சந்தையையே நம்பியிருக்க வேண்டும். இந்த நிலையில் 9ஆம் துளை, 10ஆம் துளை என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, கணினி வலை வழியே ஓடும் ஐ.பி. பெட்டி ஒன்றை வைத்து எஸ்.ஐ.பி. போன்களுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து. எஸ்.ஐ.பி. என்பது ஆர்.எஃப்.சி. 3261 என்ற பெயரில் 2002ஆம் ஆண்டிலேயே வெளியான பொதுத் தரம், ஐ.பி. போனும் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழி. கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்துப் பெட்டியில் யீலிங்க் நிறுவனத்துப் போன் பேசும். ஆஸ்டெரிஸ்க் மென்பொருளில் இரண்டும் பேசும். ஒரே நிறுவனத்திடம் மாட்டிக்கொள்ளும் தொல்லை ஒழிந்துவிடும். குரலுக்கு ஜி.711 முறையில் தலைப்புத் தகவல்களையும் சேர்த்து ஒரு அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் மட்டுமே ஆகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் உங்கள் உள் வலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஓய்வுபெற்ற லைன்மேன் (பாலக்கோடு)

ஓசூர்த் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் 160 மீட்டரைக் கவனிக்கவில்லை. செம்பு ஈத்தர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. எடைமேடைக்கு ஐ.பி. போன் வைக்க வேண்டுமானால் நடுவே வலைக் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் ஒன்று வைத்து அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், அல்லது ஃபைபர் இழுக்க வேண்டும். ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் ஒரு ஜோடி செம்புக் கம்பியில் சாதா போன் எந்த வம்பும் இல்லாமல் ஓடும்போது, அதற்காகப் பள்ளம் தோண்டுவானேன்?

கணக்கருக்கு என் பங்குக்குச் சில வார்த்தைகள். எடைமேடைக் கம்பி வெளியே போவதால் இரண்டு முனைகளிலும் மின்னல் காப்பு போட்டு, அதை உண்மையான நிலத்தொடர்போடு இணைத்துவிடுங்கள். சன்னல் கம்பியோடு இணைப்பது நிலத்தொடர்பு ஆகாது. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் வரும் கோடை மழையின் இடி, அட்டையை முதலில் தின்னும். போனை அப்புறம்தான் தின்னும். உதிரி அட்டை கிடைக்காத காலத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

சாதா போன் எல்லாம் ஒன்றுதான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முக்கால்வாசி சரி. வாங்கும்போது அடிப்பக்கத்தில் பல்ஸ், டோன் என்று மாற்றும் சிறிய சுவிட்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டோனில் இருக்கட்டும். பல்ஸில் இருந்தால் எண் சுழலும், அழைப்பும் போகும், ஆனால் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று கேட்கும் குரலுக்கு உங்கள் அழுத்தம் காதில் விழாது. அதைவிடப் பெரிய வம்பு ஃப்ளாஷ் பொத்தான். அழைப்பை இன்னொருவருக்கு மாற்றிவிடுவதற்காக அதை அழுத்தினால், போன் லைனை ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் துண்டித்துச் சேர்க்கிறது. சில போன்களில் அந்தத் துண்டிப்பு 100 மில்லி நொடி, சிலவற்றில் 600. பெட்டி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருந்தால் பெட்டி கண்டுகொள்ளாது. கூடுதலாக இருந்தால் போனை வைத்துவிட்டதாக நினைத்து அழைப்பையே வெட்டிவிடும். போனில் இந்த நேரத்தை மாற்றும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பெட்டியின் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

விடுதி மேலாளர் (தருமபுரி)

லைன்மேன் ஐயாவுக்குக் கோடி நன்றி. பேருந்து நிலையம் அருகே எங்கள் தங்கும் விடுதியில் பதினான்கு அறைகளுக்கு இரண்டு தவணைகளில் போன் வாங்கினோம். முதல் தவணைப் போன்களில் வரவேற்பாளர் அழைப்பை மாற்றினால் மாறுகிறது. இரண்டாம் தவணைப் போன் வைத்த மேசையிலிருந்து மாற்றினால் விருந்தினரின் அழைப்பு துண்டாகிப் போகிறது. எட்டு மாதமாக வரவேற்பாளரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று போன்கள் வந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துப் பார்த்தால், ஒன்றில் 100 என்றும் மற்றொன்றில் 600 என்றும் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஒரு துணைக் கேள்வி: ஒரே அறையில் கட்டிலருகே ஒன்று, குளியலறையில் ஒன்று என இரண்டு போன்களை ஒரே கம்பியில் இணைத்தால் இரண்டிலும் மணி தளர்ந்து ஒலிக்கிறது. ஏன்?

க்ரோன் பெட்டி (தருமபுரி)

விடுதியாருக்கு: ஒரு துளை எவ்வளவு மணியை அடிக்கவைக்கும் என்பதற்கு வரம்பு உண்டு. போனின் அடியில் ஆர்.இ.என். என்று ஒரு எண் இருக்கும், மணி அடிக்க அந்தப் போன் எவ்வளவு இழுக்கும் என்பதன் அளவு அது. ஒரே கம்பியிலுள்ள போன்களின் எண்களைக் கூட்டிப் பாருங்கள். உண்மையான உலோக மணி உள்ள பழைய போன் தனியாகவே 1 எடுத்துக்கொள்ளும், மின்னணு மணி உள்ளவை அதைவிடக் குறைவு. குளியலறைப் போனில் மணியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

ஓசூர் நண்பருக்கு: எஸ்.ஐ.பி. பொதுத் தரம் என்பது உண்மைதான். ஆனால் 'எந்த எஸ்.ஐ.பி. போனும் எந்த எஸ்.ஐ.பி. பெட்டியிலும்' என்று கேட்டு வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. எஸ்.பி. சாலையில் மலிவாகக் குவிந்து கிடக்கும் ஐ.பி. போன்களில் எத்தனை, இவரைப் போன்ற ஒருவரின் பெட்டியில் நேரே வேலை செய்யும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓசூர் வலையாள்

ஒப்புக்கொள்கிறேன், எழுதும்போது அவசரப்பட்டுவிட்டேன். பெரிய அலுவலகங்கள் காலி செய்யும்போது மூட்டையாக வெளிவரும் ஐ.பி. போன்களில்தான் இந்தக் கண்ணி இருக்கிறது. சிஸ்கோவின் 7821 என்ற ஒரே மாதிரி இரண்டு வகையாக விற்கப்பட்டது: ஒன்று அந்நிறுவனத்தின் சொந்தப் பெட்டிக்கானது, மற்றொன்று பிறர் பெட்டிக்கானது. இரண்டாவதன் பெயரில் 3பி.சி.சி. என்ற ஒட்டு இருக்கும். முகப்பைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்; பின்பக்க ஒட்டுச்சீட்டைப் படித்தால்தான் தெரியும். அவாயா நிறுவனத்தின் 1608 போன்ற பழைய ஐ.பி. போன்கள் எச்.323 என்ற வேறு முறையைப் பேசுபவை, 'ஐ.பி. போன்' என்ற சொல்லை மட்டும் நம்பி அதை எஸ்.ஐ.பி. பெட்டியில் இணைக்க முடியாது. சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்குக் கொடுத்துப் பூட்டிவைத்த போன்களும் உண்டு; நிர்வாகக் கடவுச்சொல் இல்லாமல் அவை வாசலைக்கூடத் திறக்காது.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. முறைக்கு 802.3ஏ.எஃப். என்ற தரம் 2003இல் வந்தது; துளையில் 15.4 வாட், போன் முனையில் 12.95 வாட். கிராண்ட்ஸ்ட்ரீம் ஜி.எக்ஸ்.பி.1610 என்பதற்கு இந்த வசதி இல்லை, தோற்றத்தில் அதன் தம்பி போலிருக்கும் 1615க்கு உண்டு. பி.ஓ.இ. ஸ்விட்சு வாங்கி வைத்துவிட்டு 1610 பத்து வாங்கியவர், பத்து மேசையிலும் அடாப்டர் செருகப் பிளக் தேடி அலைவார். கம்பியில்லா இணையக் கருவிகளோடு வரும் 24 வோல்ட் மின்செருகியை ஐ.பி. போனுக்குப் போட்டால் அதுவும் வேலை செய்யாது; அந்தத் தரம் வேறு.

எல்லாம் சரியாக இருந்து, போன் பதிவும் ஆகி, பேச்சும் தெளிவாகக் கேட்டு, வங்கியின் தானியங்கிக் குரல் மட்டும் நாம் அழுத்தும் எண்ணை ஏற்காத நிலையும் வரும். பொத்தானை அழுத்தும்போது எழும் எண்ணொலியைப் போன் குரலோடு கலந்து அனுப்புகிறதா, ஆர்.எஃப்.சி. 4733 முறைப்படி தனியாக அனுப்புகிறதா என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஜி.729 போன்று குரலைச் சுருக்கும் முறையில் கலந்து அனுப்பினால் எண்ணொலி நசுங்கிவிடும். போனிலும் பெட்டியிலும் 4733 முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதே அமைப்புப் பக்கத்தில் இருக்கும்போது, உள் இணைப்பு 201க்கு 201 என்றே கடவுச்சொல் வைக்கும் பழக்கத்தையும் கைவிட்டுவிடுங்கள். வெளியிலிருந்து நுழைந்து உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசுவோருக்கு அது திறந்த கதவு.

எடைமேடை பற்றி லைன்மேன் ஐயா சொன்னது சரி. நாளைக்கு ஐ.பி.க்கு மாறினாலும் அந்த ஒரு முனையில் சாதா போனை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியின் பக்கம் எச்.டி.801 போன்ற சிறு மாற்றி ஒன்றை வைத்தால் போதும். அது ஒரு பக்கம் எஸ்.ஐ.பி., மறுபக்கம் சாதா போன் துளை. ஆகவே இன்று வாங்கும் நல்ல சாதா போன் எதுவும் வீணாகாது.

கூழாலைக் கணக்கர் (காவேரிப்பட்டினம்)

இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதியதைப் படித்தபின் முதலாளியிடம் பேசினேன். இந்தப் பருவத்துக்குப் பெட்டியை மாற்றுவதில்லை என்று முடிவாகிவிட்டது. மாங்காய் வந்து இறங்கும் நேரத்தில் சுவரில் துளை போடுவதை அவர் கனவிலும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான்கு சாதா போன்கள் கிருஷ்ணகிரியிலேயே வாங்கிவிட்டேன். மூன்று ஒரே மாதிரி, ஃப்ளாஷ் நேரத்தை மாற்றும் வசதியுடன். கொதிகலன் அறைக்கு மட்டும் சுவரில் மாட்டும் வகை. அதனோடு உரத்த மணி ஒன்றும் சேர்த்திருக்கிறேன்.

9, 10, 12 மூன்றும் உடனே வேலை செய்தன. 11இல் எடைமேடை, பேச்சோடு 'சர்ர்' என்ற இரைச்சல். கம்பி மண்ணுக்குள் கிடக்கிறது என்று லைன்மேன் ஐயா சொன்ன நினைவில் வழியிலுள்ள இணைப்பைத் தோண்டிப் பார்த்தால், சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சு, உள்ளே ஈரம். ஜெல்லி நிரம்பிய இணைப்பான் போட்டபின் இரைச்சல் நின்றுவிட்டது.

இப்போது ஒரு புதிய கவலை. நேற்று பிற்பகல் மின்தடை வந்தது. யு.பி.எஸ். பேட்டரி பழசு, பத்து நிமிடத்தில் கை விரித்துவிட்டது. வரவேற்புக் கீ போனும் செத்துவிட்டது. மின்சாரம் போனாலும் ஒரு லைனாவது வேலை செய்யும் என்று முன்பு இருந்தவர் சொல்லியிருந்தாரே?

க்ரோன் பெட்டி (தருமபுரி)

சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். மின்சாரம் நின்றவுடன் பெட்டி முதல் வெளி லைனை நேரே முதல் துளைக்கு இணைத்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் பேசச் சாதா போன்தான் வேண்டும். கீ போனுக்கு உயிர் கொடுப்பது பெட்டி, பெட்டிக்கே உயிர் இல்லாதபோது அதன் திரை எப்படி எரியும்? முதல் துளையில் உங்கள் டி7730 இருக்கிறது. அதே துளையில் நடு இரண்டு கம்பிகளில் ஒரு சாதா போனையும் பக்கவாட்டில் இணைத்து மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள். கீ போனை அந்தத் துளையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். பெட்டியின் அமைப்புகளை மாற்றும்போது அது அங்கே தேவைப்படும்.

ஓய்வுபெற்ற லைன்மேன் (பாலக்கோடு)

அதோடு பாதிதான் தீரும். நாங்கள் செம்புக் கம்பி கொடுத்த காலத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். ஊரே இருண்டாலும் போன் பேசும். இன்று உங்கள் லைன் ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் சாதா போன் வைத்தும் பயனில்லை. ஃபைபர் பெட்டியும் சிம் அட்டைப் பெட்டியும் குறைந்த மின்சாரமே எடுப்பவை. அவற்றுக்குத் தனியாகச் சிறிய பேட்டரி ஒன்று வைத்துவிடுங்கள்.

கல் பட்டறை (பர்கூர்)

இத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் எழுத வாய்ப்பு. எங்கள் கிரானைட் பாலிஷ் பட்டறையில் பானாசோனிக் கே.எக்ஸ்-டி.டி.ஏ.100 இருக்கிறது; அது டிஜிட்டல் பெட்டி. கணக்கர் வாங்கிவிட்டு விழிக்கும் டி.டி.321 அதில் ஓடும், எங்களிடம் ஏற்கெனவே இரண்டு ஓடுகின்றன. எங்கள் பெட்டியிலும் இதே கதைதான்: டிஜிட்டல் போனுக்கு மட்டுமான அட்டை ஒன்று, சாதா போனுக்கு மட்டுமான அட்டை ஒன்று, எல்லாம் ஏற்கும் கலப்பு அட்டை ஒன்று என மூன்றும் அருகருகே இருக்கின்றன. எங்கள் ஆள் ஒருமுறை சாதா போனை டிஜிட்டல் அட்டையில் செருகிவிட்டு, போன் கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டுவிட்டார். அதன்பின் அட்டைகளுக்கு மூன்று நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டேன்.

கணக்கர் ஐயா, டிஜிட்டல் அட்டையில் எனக்கு ஐந்து துளைகள் காலி. நான்கையும் நீங்கள் வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே செருகித் திரை எரிந்தபின் மற்ற மூன்றுக்கும் சேர்த்துப் பணம்.

கூழாலைக் கணக்கர் (காவேரிப்பட்டினம்)

மிகவும் சம்மதம் அண்ணா. நாளை எங்கள் லாரி பர்கூர் வழியாகத்தான் போகிறது. ஓட்டுநரிடம் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். கம்பியையும் அதனோடு சுற்றிவைத்திருக்கிறேன், கடையில் கொடுத்த அதே கம்பி.

மேசைக்கு அடியில் சாதா போன் வைத்தாயிற்று. இன்று காலை பெட்டியின் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, என் கைப்பேசியிலிருந்து ஆலை எண்ணுக்கு அழைத்தேன். ஆபரேட்டர் அம்மா மேசைக்கு அடியிலிருந்து மணி வருவதைப் பார்த்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். ஆனால் எடுத்துப் பேசினார், நன்றாகக் கேட்டது.

கல் பட்டறை (பர்கூர்)

ஓட்டுநர் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் அட்டை, மூன்றாம் துளை. திரை எரிகிறது. மற்ற மூன்றையும் அனுப்பிவிடுங்கள்.